பேடியைத் தேடினால் அன்னப்பேடு வரும்: மூன்று மின்னூல் தளங்களுக்கு ஒரு மதிப்புரை

ஏப்ரல் 15 திருநங்கையர் நாள். அது நெருங்கினால் ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரைப் பக்கம் பேச்சும் கட்டுரையும் களைகட்டும். பெரும்பாலானவற்றில் அதே நாலு வரி சுற்றிச் சுற்றி வரும்: தொல்காப்பியத்தில் உண்டு, நன்னூலில் உண்டு, மணிமேகலையில் உண்டு, திருவாசகத்தில் உண்டு. எந்த நூற்பா, எந்தக் காதை, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. வாட்ஸ்அப்பில் வந்த வரிக்கு முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது.

இதைச் சரிபார்க்க ராமேஸ்வரத்தில் ரயிலேறி ஓர் இரவு பயணம் செய்து சென்னை நூலகங்களில் உட்கார வேண்டியதில்லை. 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்துச் சுவடிகளைத் திரட்டியது இந்தச் சேதுநாட்டு ஜமீன் குடும்பத்துப் பாண்டித்துரைத் தேவர். அந்தத் தலைமுறை அச்சேற்றியதெல்லாம் இன்று கைபேசிக்குள் வந்துவிட்டது. திருநங்கையர், திருநம்பியர் வரலாற்றைப் பழைய தமிழ் நூல்களில் தேடுகிறவருக்கு மூன்று தளங்கள் எப்படி உதவும் என்பதுதான் இந்த மதிப்புரை: மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம், அதே கழகம் நடத்தும் தமிழ் மின்னூலகம். மூன்றும் இலவசம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கண்டுபிடிக்க மதுரைத் திட்டம், புரிந்துகொள்ளக் கல்விக்கழக நூலகம், மேற்கோளின் பதிப்பைச் சரிபார்க்க மின்னூலகம். ஒன்றுக்கு மட்டுமே நேரம் இருக்கிறதென்றால் கல்விக்கழக நூலகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அங்கே உரை இருக்கிறது. இந்த விஷயத்தில் உரையில்லாத மூலம் ஆளைக் கவிழ்த்துவிடும்.

மதுரைத் திட்டம்

1998 பொங்கலன்று தொடங்கியது. உலகெங்கும் இருக்கும் தமிழர்கள் ஊதியமில்லாமல் தட்டச்சு செய்து ஏற்றிய மூலநூல்கள். இதன் பெரிய பலம், பக்கப் படமாக இல்லாமல் எழுத்தாகவே இருப்பது. மணிமேகலை முழுதும் சில நூறு கேபிதான். அதையே பக்கப் படங்களாக எடுத்தால் பல பத்து எம்பி ஆகும். டவர் விட்டு விட்டுக் கிடைக்கும் கடற்கரை ஊரில் இந்த வித்தியாசம் சாதாரணமில்லை. பேருந்து நிலையத்தில் நல்ல சிக்னல் கிடைக்கும்போது வேண்டிய பக்கங்களைத் திறந்து, உலாவியின் மூன்று புள்ளியைத் தொட்டு, பதிவிறக்கிக்கொண்டால் வீட்டுக்கு வந்து இணையம் இல்லாமலே தேடலாம்.

பட்டியலில் ஒரே நூல் யூனிகோடு, பழைய டிஸ்கி, பிடிஎஃப் எனப் பல வடிவங்களில் இருக்கலாம். யூனிகோடை மட்டும் எடுங்கள். டிஸ்கிக் கோப்பு இன்றைய கைபேசியில் புள்ளியும் கோடும் வைத்த லத்தீன் எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம், எழுத்துரு வேறு, அவ்வளவுதான்.

இனித் தேடல். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கைவிடுகிறார்கள். "திருநங்கை" என்று அடித்தால் ஒன்றும் வராது. அது நம் காலத்துச் சொல். பழைய நூல்களில் தேட வேண்டியவை பேடி, பேடு, பேடன், அலி. அதோடு நிகண்டுகளில் வரும் மகண்மா, வடசொல்லான நபுஞ்சகன். இவற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் ஏமாற்றும்.

"பேடு" பெண்பறவைக்கும் பெயர். காப்பியங்களில் அடித்தால் அன்னப்பேடும் குயிற்பேடும் வரிசையாக வந்து நிற்கும். "அலி" இன்னும் மோசம். சீறாப்புராணத்தில் அதைத் தேடினால் நபிகளின் மருமகனார் அலி அவர்கள் பக்கத்துக்குப் பக்கம் வருவார். நபிகளுக்குப் பாலூட்டிய அலிமாவின் பெயரும் சேர்ந்துகொள்ளும், அவருக்கென்று ஒரு படலமே உண்டு. சீதக்காதி பிறந்த கீழக்கரைக்காரர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் எண்ணிக்கையைப் பார்த்து மலைத்துப்போவார்கள்.

வரவேண்டியது வராமல் போவது அதைவிடப் பெரிய சிக்கல். இரண்டு காரணம். ஒன்று புணர்ச்சி, அதாவது இரண்டு சொல் சேரும்போது எழுத்து மாறுவது. திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் "பெண்ணாண் அலியெனும் பெற்றியன் காண்க" என்று வருகிறது. சேர்த்தெழுதிய பதிப்பில் "பெண்ணா ணலியெனும்" என்றிருக்கும். அங்கே "அலி"யில் உள்ள "அ" மறைந்துவிட்டதால் தேடல் தாண்டிப் போய்விடும். "ணலி" என்று ஒருமுறை, "னலி" என்று ஒருமுறை, "வலி" என்று ஒருமுறை தேடுங்கள். கடைசியதில் உடல்வலியும் வலிமையும் நிறைய வரும். பொறுமை வேண்டும்.

இரண்டாவது காரணம் சீர். யாப்புப்படி வரியைச் சீர் சீராகப் பிரிக்கும்போது சொல்லின் நடுவே இடைவெளி விழும். நன்னூலின் புகழ்பெற்ற நூற்பா அச்சில் இப்படித்தான் இருக்கிறது:

பெண்மைவிட் டாணவா வுவபே டாண்பால்
ஆண்மைவிட் டல்ல தவாவுவ பெண்பால்
இருமையு மஃறிணை யன்னவு மாகும்

இதில் "பேடு" எங்கே? "வுவபே" என்பதில் பாதி, "டாண்பால்" என்பதில் மீதி. "பேடு" என்று தேடினால் இந்த நூற்பா ஆயுசுக்கும் அகப்படாது. கணினி வைத்திருப்பவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. நூல்களையெல்லாம் ஒரே கோப்புறையில் சேமித்து, நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்ற செயலியில் "கோப்புகளுக்குள் தேடு" வசதியைத் திறந்து, ரெகுலர் எக்ஸ்பிரஷன் முறையைத் தேர்ந்தெடுத்து, "பே ?ட" என்று கொடுங்கள். பே, ஓர் இடைவெளி, ஒரு கேள்விக்குறி, ட. கேள்விக்குறிக்கு முன்னால் உள்ள இடைவெளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிடிக்கும் என்று பொருள். பேடி, பேடு, பேடன், "பே டாண்பால்" எல்லாம் வலையில் விழும். பேடை, பேட்டை, பேடகமும் கூடவே விழும், பொறுக்கிப் போட வேண்டியதுதான். சொல் வரிக்கடைசியில் உடைந்து அடுத்த வரிக்குப் போயிருந்தால் இதுவும் பிடிக்காது.

இன்னொரு நுணுக்கம். "கோலம்" என்ற சொல்லின் "கோ"வைச் சிலர் க, ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்றாக உள்ளிட்டிருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, சில செயலிகளின் தேடலுக்குத் தெரியும். "பேடிக் கோலத்து" என்று தேடி வராவிட்டால் "பேடிக்" என்பதோடு நிறுத்துங்கள். ஒகர, ஓகாரம் இல்லாத துண்டாகப் பார்த்துத் தேடுவது எப்போதும் நல்லது.

சொல்லை விட்டுத் தொடரைத் தேடினால் கிடைக்கும் பலன் தனி. "ஆண்மை திரிந்த" என்று அடித்துப் பாருங்கள். தொல்காப்பியம் சொல்லதிகாரம் கிளவியாக்கத்தில் 4ஆம் நூற்பாவும் 12ஆம் நூற்பாவும் வரும். இரண்டிலும் பேடி என்ற சொல்லே கிடையாது, ஆகவே அந்தச் சொல்லைத் தேடியவர்கள் தொல்காப்பியத்தைத் தவறவிட்டிருப்பார்கள். அதே தொடர் சிலப்பதிகாரம் கடலாடு காதையிலும் நிற்கிறது: "ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்துக் காமன் ஆடிய பேடி யாடலும்". மாதவி ஆடிய பதினொரு ஆடல்களில் ஒன்று இது. இலக்கண நூலின் தொடரும் காப்பியத்தின் தொடரும் ஒன்றாக இருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு காலத்தில் பழுத்த புலவர் வேண்டும். இப்போது இரண்டு சொல் போதும்.

கல்விக்கழக நூலகம்

2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி இப்போது கல்விக்கழகமாக இருக்கிறது. மூலத்தோடு பழைய உரைகளையும் புதிய உரைகளையும் எழுத்தாகவே தருகிறார்கள். நூல்கள் சிறுசிறு பக்கங்களாகப் பிரிந்திருப்பதால் உலாவியின் தேடல் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். ஆகவே மதுரைத் திட்டத்தில் நூற்பா எண்ணையோ காதையின் பெயரையோ பிடித்துக்கொண்டு இங்கே வருவதுதான் சிக்கனம். எண்கள் பதிப்புக்குப் பதிப்பு ஒன்றிரண்டு தள்ளும். மேலே சொன்ன நன்னூல் நூற்பா பொதுவாக 264. அங்கே இல்லையென்றால் முன்னும் பின்னும் பாருங்கள்.

உரை ஏன் வேண்டும் என்பதற்கு இந்த நூற்பாவே சாட்சி. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புகிற பேடு ஆண்பால் என்கிறது முதல் வரி. ஆண்மையை விட்டு மற்றதை விரும்புகிறவர் பெண்பால் என்கிறது இரண்டாம் வரி. 13ஆம் நூற்றாண்டு இலக்கணம், ஒருவர் எதை விட்டார், எதை அவாவினார் என்பதைப் பார்த்துப் பால் சொல்கிறது. மேடையில் இந்த இரண்டு வரிக்கும் கைதட்டல் நிச்சயம். மூன்றாம் வரியைப் பெரும்பாலானோர் விழுங்கிவிடுகிறார்கள்: இருவரும் அஃறிணை போலவும் ஆவர். "வந்தான்", "வந்தாள்" என்று சொல்வதோடு "வந்தது" என்று சொல்லவும் இடம் உண்டு என்பதுதான் அதன் பொருள். நன்னூல் எழுதிய பவணந்தியார் கொடுத்ததையும் எடுத்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு. மூன்றில் இரண்டை மட்டும் சொன்னால் அது விளம்பரம்.

தொல்காப்பியம் இந்த இடத்தில் வேறு மாதிரி. கிளவியாக்கம் 4, ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயரை உயர்திணையிலேயே வைக்கிறது. அதற்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணையின் ஈறுகளையே ஏற்கும் என்கிறது. கிளவியாக்கம் 12 இன்னும் ஒரு படி போகிறது: "ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி ஆண்மை அறிசொற்கு ஆகிடன் இன்றே". அதாவது அவரை "வந்தான்" என்று சொல்ல இடமில்லை. இன்றைக்கும் அலுவலகங்களிலும் செய்திகளிலும் திருநங்கையை "அவன்" என்று எழுதுகிறவர்களுக்கு எடுத்துக்காட்ட இதைவிடப் பழைய விதி கிடைக்காது. பேச்சுப்போட்டிக்குப் போகிறவர்கள் நன்னூலை விட்டுவிட்டு இந்த 12ஆம் நூற்பாவை எடுக்கலாம்.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதைக்கும் உரையோடுதான் போக வேண்டும். புகார் நகரத் தெருவில் மக்கள் கூடி நின்று பார்ப்பவற்றின் பட்டியலில் ஒரு பேடிக்கோலம் வருகிறது. சுருண்ட தாடி, பூங்குழல், பவளம் போன்ற வாய், வெள்ளை ஒளி வீசும் பல், வெள்ளித் தோடு, வளைந்த நெற்றி, காந்தள் போன்ற சிவந்த கை, இளமுலை, நுண்ணிடை, வட்டுடை. தாடியும் முலையும் ஒரே உருவத்தில். வரியை மெதுவாகப் படித்தால் மணிமேகலை ஆசிரியர் சாத்தனார் தாடியை முதலில் வைத்துவிட்டுத்தான் மற்றதை அடுக்குகிறார் என்பது தெரியும்.

ஆனால் முடிவு வரியைப் பாருங்கள்: "வாணன் பேரூர் மறுகிடைத் தோன்றி நீள்நிலம் அளந்தோன் மகன்முன் ஆடிய பேடிக் கோலத்துப் பேடு காண்குநரும்". நிலம் அளந்தவன் திருமால், அவன் மகன் காமன். காமன் வாணன் என்ற அசுரனின் நகரில் ஆடிய கூத்தைத் தெருவில் ஒருவர் வேடமிட்டு ஆடுகிறார், மக்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். ஆடியவர் யாராகவும் இருக்கலாம். புகாரில் திருநங்கையர் தெருவில் ஆடினார்கள் என்பதற்கு இது நேர்ச்சான்று ஆகாது. அப்படி ஓர் உருவத்தை ஊரே ரசித்துப் பார்க்கும் கூத்து மரபு இருந்தது என்பதற்குச் சான்று. அதுவே பெரிய செய்திதான், அதற்கு மேல் இழுக்க வேண்டியதில்லை.

அகநானூறு 206-ஐ யாரும் மேடையில் சொல்வதில்லை, ஏனென்று தெரியவில்லை. மருதன் இளநாகனார் பாட்டு. எருமையின் முறுக்கிய கொம்பைச் சொல்ல வந்தவர், "பேடிப் பெண்கொண்டு ஆடுகை கடுப்ப" என்கிறார். கூத்தில் கை பின்னால் வளைந்து திரும்புவதைப் போலக் கொம்பு திரிந்திருக்கிறதாம். சங்ககாலத்துக் கேட்பவர்களுக்கு அந்தக் கையின் வளைவு பார்த்துப் பழகியதாக இருந்தால்தான் இந்த உவமை செல்லும். ஆடலின் ஓர் அசைவையே நமக்குக் காட்டுகிற இடம் இது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. உரையில்லாமல் படித்தால் எருமைதான் மிஞ்சும்.

குறளும் நாலடியாரும் சங்கடமான இடங்கள். 614ஆம் குறளில் முயற்சி இல்லாதவனின் உதவி "பேடிகை வாளாண்மை போலக் கெடும்". 727ஆம் குறளில் அவைக்கு அஞ்சுகிறவனின் கல்வி "பகையகத்துப் பேடிகை ஒள்வாள்". இரண்டிலும் பேடி என்றால் கையாலாகாதவர் என்ற இளக்காரம். நாலடியார் 85 அதையும் தாண்டி, முற்பிறவியில் பிறர்மனை புகுந்தவரே இப்பிறவியில் "அலியாகி ஆடியுண் பார்" என்று வினைப்பயனாக்குகிறது. இந்த மூன்றையும் "தமிழ் இலக்கியம் திருநங்கையரைப் போற்றியது" என்ற தலைப்பின் கீழ் அடுக்கியிருக்கும் கட்டுரைகள் நிறைய உண்டு. எண்ணிக்கைக்காகச் சேர்த்தது பளிச்சென்று தெரியும். நாலடியாரின் கடைசி அடியில் இகழ்ச்சிக்கு நடுவே ஒரு வாழ்க்கைக் குறிப்பு இருக்கிறது, ஆடிப் பிழைத்தார்கள் என்று. அதை எடுத்துக்கொள்ளலாம், இகழ்ச்சியை மறைக்காமல்.

திருவாசக வரியும், நம்மாழ்வாரின் "ஆணல்லன் பெண்ணல்லன் அல்லா அலியும் அல்லன்" என்பதும் இறைவனைப் பற்றியவை, மனிதரைப் பற்றியவை அல்ல. பால் மூன்று என்ற எண்ணம் அவர்களுக்கு இயல்பாக இருந்தது என்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

பாரதத்துக்கு வில்லிபுத்தூரார். அரவான் களப்பலி உத்தியோக பருவத்தில் களப்பலியூட்டு சருக்கத்தில் இருக்கிறது. "அரவான்" என்றும் "இராவான்" என்றும் இரண்டு விதமாகத் தேடுங்கள். கூவாகத்தில் சித்திரை மாதம் தாலி கட்டி அறுக்கும் சடங்கு மக்கள் வழக்கில் வாழ்வது, அதைக் காப்பியத்தில் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். விராட பருவத்துக்கு "பேடி" என்றே தேடுங்கள். பிருகந்நளை என்ற பெயருக்கு எழுத்துக்கூட்டல் பல. ஊர்வசி சாபத்தால் பேடியான அருச்சுனன், விராடன் மகள் உத்தரைக்கு ஆடல் சொல்லிக்கொடுக்கிறான். மழை பொய்த்தால் விராட பருவம் வாசிப்பது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கிய மாவட்டத்தில், மழைக்காக வாசிக்கும் கதையின் நாயகன் அந்த ஓராண்டு முழுவதும் பேடியாக இருக்கிறான் என்பதை யாராவது ஒரு பேச்சில் சொல்லியிருக்கலாம்.

உரைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 20ஆம் நூற்றாண்டு உரைகளில் பேடி, அலி பற்றிய விளக்கம் சில இடங்களில் உரைக்காரரின் காலத்து முகச்சுளிப்போடு வரும். மூலம் சொன்னது எது, உரைக்காரர் சேர்த்தது எது என்று பிரித்து எழுதுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனுக்கும் இது பொருந்தும். 1924 முதல் 1936 வரை வெளிவந்த அகராதி அது. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடலாம். எந்தச் சொல் எந்த நூலில் வருகிறது என்று குறிப்பதுதான் அதன் பயன். பொருள் சொல்லும் ஆங்கிலத்தை அப்படியே எடுத்து ஒட்டினால் இன்றைய வாசகருக்கு வசை போலக் கேட்கும்.

தமிழ் மின்னூலகம்

பழைய அச்சு நூல்களின் பக்கப் படங்கள். நூற்பெயர், ஆசிரியர் பெயர் கொண்டு தேடலாம். பக்கத்துக்குள் இருக்கும் சொல்லைத் தேட முடியாது, படம்தானே. ஆகவே இங்கே வேட்டைக்கு வரக்கூடாது, ஊர்ஜிதம் செய்ய வரலாம். நன்னூல் மயிலைநாதர் உரையை உ.வே.சா. 1918-இல் பதிப்பித்தார். அந்த மாதிரிப் பதிப்பைத் திறந்து நூற்பா அச்சில் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டால் மேற்கோளில் பிழை வராது.

பழைய அச்சில் பக்க எண்ணும் அடி எண்ணும் தமிழ் எண்களில் இருக்கும். ௧, ௨, ௮ மூன்றும் க, உ, அ என்ற எழுத்துகளைப் போலவே தெரியும், அவை 1, 2, 8. குறள் 614 என்பது ௬௧௪. லை, ணை, னை ஆகியவை 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய கொம்பு வைத்த வடிவில் இருக்கும், இரண்டு பக்கம் படித்தால் பழகிவிடும். கோப்புகள் கனம். முழு நூலையும் இறக்காமல் தளத்திலேயே வேண்டிய பக்கத்தைத் திறந்து படம் எடுத்துக்கொள்வது டேட்டாவுக்கு நல்லது.

மூன்றிலும் கிடைக்காதவை

வெள்ளைக்காரன் காலத்துக்கு இந்தத் தளங்கள் போதாது. குற்றப்பரம்பரைச் சட்டம் என்றால் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் விளக்கம் தேவையில்லை, ரேகைச் சட்டம் என்று பாட்டிமார்களே சொல்வார்கள். அதே பெயரில் 1871-இல் வந்த முதல் சட்டத்தில் இரண்டாம் பாகம் என்று ஒன்று இருந்தது பலருக்குத் தெரியாது. பிரிவு 24 முதல் 31 வரை. ஆங்கில மூலத்தில் "யூனக்" (ஆண்மையற்றவர்) என்று குறிப்பிடப்படுவோரில், குழந்தைகளைக் கடத்துவதாகவோ காயடிப்பதாகவோ தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுக் குற்றம் (இயற்கைக்கு மாறான உறவு) செய்வதாகவோ சந்தேகிக்கப்படுவோரின் பெயர், இருப்பிடம், சொத்து எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. பதிவானவர் பெண்ணுடையிலோ நகையோடோ தெருவில் தோன்றினாலும், தெருவில் ஆடினாலும் வாத்தியம் வாசித்தாலும், கூலிக்கு ஒரு வீட்டுக்குள் ஆடினாலும் வாரண்டு இல்லாமல் பிடிக்கலாம். இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உயில் எழுதக்கூடாது, தானம் கொடுக்கக்கூடாது, தத்தெடுக்கக்கூடாது. புகார்த் தெருவில் ஊர் கூடிப் பார்த்ததற்கு இங்கே ஜெயில்.

இந்தச் சட்டத்தை ஆர்க்கைவ் தளத்தில் உள்ள பழைய சட்டத் தொகுப்புகளில் "1871, 27ஆம் சட்டம்" என்று ஆங்கிலத்தில் தேடிப் படிக்கலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இரண்டாம் பாகம் வடமேற்கு மாகாணங்கள், அயோத்தி, பஞ்சாப் பகுதிகளுக்கு வந்தது, சென்னை மாகாணத்துக்கு அல்ல. நம் பக்கத்தைப் பிடித்தது 1911 சட்டம், அது சாதிகள் மீது பாய்ந்தது. சென்னை மாகாணத்தில் அது நீங்கியது 1947-இல். இரண்டையும் ஒன்றாக்கி, தமிழ்நாட்டுத் திருநங்கையர் அனைவரும் போலீஸ் பதிவேட்டில் இருந்தார்கள் என்று எழுதுவது தவறு.

இன்னொரு குழப்பம் மாலிக் காபூர். 1311-இல் மதுரை வரை வந்த படைத்தலைவர், ராமேஸ்வரம் வரை வந்தாரா என்பது வரலாற்றாசிரியர்களிடையே இழுபறி. அவரைத் திருநங்கையர் வரலாற்றுப் பட்டியலில் சிலர் சேர்க்கிறார்கள். அவர் காயடிக்கப்பட்ட அடிமையாக இருந்து உயர்ந்தவர். அது அவருக்குச் செய்யப்பட்டது, அவர் அவாவியது அல்ல. நன்னூலின் அளவுகோலையே வைத்துப் பார்த்தாலும் பொருந்தாது.

நம் காலத்துக்குத் தீர்ப்புகளைப் படியுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2014 ஏப்ரல் 15 நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைய வழக்கு) தீர்ப்பில் வரலாற்றுக்கென்றே ஒரு பகுதி உண்டு, அரவானும் 1871 சட்டமும் அதில் வருகின்றன. தமிழ்நாட்டின் திருநங்கையர் நல வாரியம் அதற்கு ஆறாண்டு முன்பே, 2008-இல், அமைந்துவிட்டது. ராமநாதபுரமும் அடங்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் 2019 ஏப்ரல் 22 தீர்ப்பு தூத்துக்குடித் திருமணம் ஒன்றைப் பற்றியது. இந்து திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்றது. இரண்டும் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும், எழுத்தாகத் தேடலாம்.

கடைசியாக அச்சு. இந்தத் தளங்களில் எடுத்த யூனிகோடு வரிகளை டிடிபி கடையில் கொடுத்து, பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கட்டுரைக்கு நடுவே ஒட்டச் சொன்னால் கட்டம் கட்டமாக வரும், அல்லது "பேடி" வேறு ஏதோ சொல்லாகிவிடும். கட்டுரை முழுவதையும் கைபேசியிலேயே யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆக மாற்றி, அதை மட்டும் கடைக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு மேற்கோளின் கீழும் நூல், காதை அல்லது நூற்பா எண், எந்த உரை, எந்தப் பதிப்பு என்று நான்கையும் எழுதிவிடுங்கள். நடுவர் கேட்காவிட்டாலும், அடுத்த ஆண்டு அதை எடுத்துப் பேசப்போகிறவருக்குத் தேவைப்படும்.